பதினேழாவது விண்ணப்பம்

மார்ச் 4

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கோழி கிண்டின மாதிரி இருக்கிறது என்று நீதான் சொல்வாய். பத்தாவதோடு நின்ற மனுஷனைப் பேனா பிடிக்க வைத்தது உன் பிடிவாதம். போனை எடுத்திருந்தால் இந்தக் கஷ்டம் ரெண்டு பேருக்குமே இல்லை.

பதினோரு நாளாக உன் எண்ணுக்கு அடித்தால் ஒரே ஒரு மணி, அப்புறம் கப்சிப். என் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, கழற்றித் துடைத்து மாட்டினேன். லிஃப்ட் மெக்கானிக் புத்தி, எதையும் கழற்றத்தான் தோன்றும். கடைசியில் எங்கள் கட்டட ரிசப்ஷனில் இருக்கிற பெண் வாங்கிப் பார்த்து, "சார், போன் நல்லாத்தான் இருக்கு. உங்களைத்தான் பிளாக் பண்ணியிருக்காங்க" என்றாள். துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். பன்னிரண்டு மாடிக்கும் செய்தி போய்விட்டது.

அம்மா போனில் நீ பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பக்கத்தில் வந்து "நல்லாயிருக்கியாம்மா?" என்றதும் டொக். "என்ன ஆச்சு அவளுக்கு?" என்றால், "என்ன பண்ணினோம்னு அவருக்கே தெரியும்னு சொல்றா. என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று அம்மா என்னையே பிடித்துக்கொள்கிறாள்.

உட்கார்ந்து யோசித்தேன். உன் பழைய சைக்கிளை உன்னைக் கேட்காமல் எதிர்வீட்டுக்குக் கொடுத்தது ஒன்று. நீ செய்த பல் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை லிஃப்ட்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டியது இன்னொன்று. இவை தவிர வேறு பாவம் ஞாபகத்துக்கு வரவில்லை.

மே 28-ம் தேதி மூன்றாவது தடவையாகப் பரீட்சை என்று அம்மா சொன்னாள். தேறினால் அந்தச் செயற்கைப் பல் பட்டறையில் உன் வேலை நிரந்தரமாமே. கவலைப்படாதே. உன் பரீட்சைக்காகச் சபையில் புதன்தோறும் ஜெபம் நடக்கிறது. பன்னிரண்டு பேர், பதினாலு மாதமாக, ஒரு வாரம் தவறவில்லை.

அம்மா அனுப்பிய பார்சல் வந்ததா? காலுறை அவளே பின்னியது.

அப்பா

~

மார்ச் 15

அப்பா,

பார்சல் வந்தது. அதில்தான் எல்லாமே வந்தது.

காலுறையில் ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம். அம்மாவுக்கு விளையாட்டு என்று சிரித்தேன். அவற்றைச் சுற்றி ஒரு தாள் இருந்தது. வீட்டிலிருந்து வருகிற எந்தக் காகிதத்தையும் நான் நீவிவிட்டுப் படிப்பேன். நீவினேன். "புதன் ஜெபக் குறிப்புகள்" என்று மேலே இருந்தது. பதினாறாவது, யாருடைய வீட்டு மாடித் தொட்டியோ ஒழுகுவது நிற்க. அதற்குக் கீழே நான். அப்படியே எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்:

"17. லிஃப்ட் அண்ணன்: வெளிநாட்டில் இருக்கும் மகள் பரீட்சையில் தேறாமல் வீடு வந்து சேர. பதினாலாம் மாதம். தொடர்கிறது."

உன் பரீட்சைக்காக ஜெபம் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. கெட்டிக்காரர்தான் நீங்கள்.

முதல் தடவை என்ன நடந்தது என்று தெரியுமா? நாலு மணி நேரத்தில் மெழுகில் ஆறு பல் செதுக்க வேண்டும். ஐந்தாவதிலேயே நேரம் போய்விட்டது. இரண்டாவது தடவை எல்லாம் முடித்துவிட்டேன். பீங்கான் பல்லைச் சுடுகிற சூளையைத் திறந்தால் முன்பல் குறுக்கே வெடித்துக் கிடந்தது. பரீட்சை வைத்தவர், "இது உன் தப்பே இல்லை, சில நேரம் இப்படி ஆகும்" என்றார். ஏன் இப்படி ஆகும் என்று மாதக்கணக்காக நான் தூங்கவில்லை. நீங்கள் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

இரண்டு தடவையும் நானும் கேட்டேன் அப்பா. நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான். "அலங்காரம் வேண்டாம், என்கிட்ட பென்சில் கேக்கிற மாதிரி அவர்கிட்ட கேளு" என்பீர்களே. "என்னைப் பாஸ் பண்ண வையுங்க" என்று கேட்டுவிட்டு நம்பிக்கையோடு போய் உட்கார்ந்தேன். இரண்டாவது தடவைக்கு அப்புறம் நிறுத்திவிட்டேன். இங்கே சபைக்குப் போவதுமில்லை. அவருக்குக் காது இல்லை என்று முடிவு செய்திருந்தேன். இப்போது தெரிகிறது, காது இருக்கிறது. உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

சைக்கிளைக் கொடுத்தது எனக்குத் தெரியாது. அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

~

மார்ச் 27

மகளே,

உன் கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கே சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. அதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் ஜனவரியில் போதகர், "சுத்தி வளைக்காதீங்க. சின்னப் பிள்ளைங்க மாதிரி வேணுங்கறதைக் கேளுங்க" என்று பிரசங்கம் செய்தார். வீட்டுக்கு வந்து உன் அறையில் உட்கார்ந்து, "என் மகள் வீட்டுக்கு வரணும்" என்று ஒரு சீட்டில் எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். தாளை அச்சடிக்கிற டைப்பிஸ்ட் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வேலை நிரந்தரமாயிட்டா எப்படி அண்ணே வருவா? மேலே இருக்கிறவருக்குத் தெளிவா சொல்ல வேண்டாமா?" என்று கேட்டு, "பரீட்சையில் தேறாமல்" என்பதை நுழைத்தார். நுழைத்தது அவர். தலையாட்டினது நான்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, பதினேழை எடுத்துடுங்க."

"ஏன், வந்துட்டாளா?"

"வரல."

"அப்ப எப்படி எடுக்கிறது? 'தொடர்கிறது', 'பதில் கிடைத்தது'ன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. பதில் கிடைச்சவங்க எழுந்து நின்னு சாட்சி சொன்னா அடிச்சிடுவேன்."

"வாபஸ்னு ஒரு கட்டம் போடுங்களேன்."

"இது என்ன கோர்ட்டுக் கேஸா அண்ணே? ஏற்கெனவே ரெண்டு தடவை பாதிப் பதில் வந்தாச்சு. இன்னும் ஒரு தள்ளு தள்ளினா போதும். இப்பப் போய் மனசு தளர்றீங்களே!"

பாதிப் பதில் என்று அவர் சொன்னது நீ தோற்ற ரெண்டு பரீட்சையை. கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், எகிறாதே. மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு அப்பன் கேட்பது கொலைக் குற்றமா? கேட்டது நான். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். என்னை பிளாக் பண்ணு, சரி. அவரையும் சேர்த்து எதற்கு பிளாக் பண்ணினாய்?

அப்பா

~

ஏப்ரல் 8

அப்பா,

நன்றாக இருக்கிறது நியாயம். கேட்டது நீங்கள், நுழைத்தது டைப்பிஸ்ட் அத்தை, கொடுத்தது கடவுள். பல் வெடித்தது மட்டும் எனக்கு.

சின்னப் பிள்ளை மாதிரி கேட்டேன் என்கிறீர்கள். சின்னப் பிள்ளை தீப்பெட்டியைக்கூடத்தான் கேட்கும். ஆனால் எதிரே நின்று, காலைக் கட்டிக்கொண்டு, அழுது கேட்கும். முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு பேரைக் கூட்டி வைத்துக் கேட்காது. உங்களை மாதிரி நம்ப வேண்டும் என்றுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை. அந்த ஆசையே இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நான் எழுதுவதாகவே இல்லை. ஒரு விஷயம் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

பொட்டலம் கட்டின காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவள் அம்மா. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் மாத்திரை தருவாள். அவள் எப்படி இந்தத் தாளில் காலுறையைச் சுற்றினாள்? கொட்டை எழுத்தில் "லிஃப்ட் அண்ணன்" என்று இருக்கிறதே. கறுப்பு நூலையும் நீல நூலையும் எப்படி மாற்றினாள்? ஆறேழு மாதமாக அவள் எழுதி அனுப்புவதே இல்லை, எல்லாம் குரல்தான் வருகிறது. டைப் அடிக்கச் சோம்பல் என்றாள். நானும் நம்பினேன்.

என்ன மறைக்கிறீர்கள்? ஜோக் அடிக்காமல் எழுதுங்கள்.

~

ஏப்ரல் 20

மகளே,

ஜோக் அடிக்கவில்லை.

அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றரை வருஷமாகிறது. நடுவில் ஒரு புகைப் புள்ளி விழுந்திருக்கிறது. எதை நேரே பார்த்தாலும் அது மறைந்துவிடும், ஓரம் மட்டும் தெரியும். என் மூக்கு தெரியாது, காது தெரியும். "அதுவரைக்கும் தப்பிச்சேன்" என்றாள் உன் அம்மா. இந்த ஜோக் அவளுடையது, என் கணக்கில் எழுதாதே. டாக்டர் ஊசி போடுகிறார். போனது திரும்பாது, இருப்பது கொஞ்சம் மெதுவாகப் போகும் என்கிறார்.

டாக்டர் முதலில் சொன்ன அன்றைக்கே அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அவ பரீட்சை முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா." நான் சத்தியம் செய்தேன். இன்றைக்கு அதை உடைக்கிறேன். உடைக்கப்போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் உடைக்கிறேன். சாயங்காலத்திலிருந்து என்னோடு பேசவில்லை.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும். உன்னிடம் சொல்லக்கூடாது. தனியாகத் தாங்கவும் முடியவில்லை. அடுப்பை அணைத்தாளா என்று பார்க்க வேலையிலிருந்து நடுவில் ஓடி வருகிறேன். புதன் கூட்டத்துக்கு அவள் வருவதே இல்லை, படி தெரியவில்லை. அதனால்தான் பதினேழாம் நம்பர் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. என் வேதப் புத்தகத்துக்கு அடியில் இருந்த பழைய தாள்களைச் செய்தித்தாள் என்று எடுத்துக் காலுறையைச் சுற்றியிருக்கிறாள். பார்சலுக்கு மேல் விலாசம் எழுதி ஒட்டினவன் நான். உள்ளே என்ன சுற்றியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

உன் கடிதத்துக்கு அப்புறம் முட்டிபோட்டு, "அவ பாஸ் பண்ணட்டும்" என்று கேட்டுப் பார்த்தேன். வாய் கேட்டது. உள்ளே ஒருத்தன் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வேண்டாம், வேண்டாம், வரட்டும்" என்கிறான். பிள்ளை மாதிரி கேட்கிறவன் பொய் சொல்லக்கூடாதே. எழுந்துவிட்டேன்.

லிஃப்ட்டுக்கு நிற்கிறவர்களை நான் எவ்வளவு கேலி பண்ணியிருக்கிறேன் தெரியுமா? ஒரு தடவை பொத்தானை அழுத்தினாலே விளக்கு எரிந்துவிடும். அப்புறமும் இருபது தடவை குத்துவார்கள். பதினாலு மாதமாக நான் குத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துக்கொண்டேன். நீ மேலே போக அழுத்தியிருக்கிறாய், நான் கீழே வர அழுத்தியிருக்கிறேன், ஒரே வீட்டிலிருந்து. அவர் என்னதான் செய்வார், பாவம்.

புதன்கிழமை எழுந்து நின்றேன். "என் மகள் பெயிலாகணும்னு கேட்டேன். தப்பு. அதை நிறுத்துங்க" என்றேன். எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தையல்காரர், "அப்ப நாங்க பதினாலு மாசம் பண்ணின ஜெபம் என்னாகிறது?" என்று கேட்டார். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி இருந்தது. போதகர் "ஜெபிப்போமாக" என்று கண்ணை மூடிக்கொண்டார். பதில் தெரியாதபோது அவர் செய்வது அது. இன்றைக்குப் புதுத் தாள் வந்திருக்கிறது. பதினேழு அப்படியே இருக்கிறது. கீழே புதிதாகப் பதினெட்டு: "லிஃப்ட் அண்ணனின் மனக்குழப்பம் நீங்க."

அப்பா

~

மே 2

அப்பா,

அம்மாவோடு பேசினேன். ஒரு மணி நேரம் பேசினோம். அதில் பாதி நேரம் உங்களைத் திட்டினாள், மீதி நேரம் நான் திட்டினேன். "எனக்கு உன் குரல் நல்லாத் தெரியுதுடி" என்றாள்.

உங்கள் மேல் இருக்கிற கோபம் குறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். கூடியிருக்கிறது. முன்பு ஒரு தப்புக்குக் கோபம், இப்போது இரண்டு.

"அம்மாவுக்கு முடியல, வா." இதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அம்மா சத்தியம் வாங்கினாள், சரி. அந்தச் சத்தியத்தை இன்றைக்கு உடைக்க முடிந்தது என்றால் அன்றைக்கே உடைத்திருக்கலாம். கடவுளிடம் போய்ச் சின்னப் பிள்ளையாக நின்றீர்கள். என்னிடம் மட்டும் வக்கீலாக இருந்தீர்கள். எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். நான் "முடியாது" என்று சொல்லிவிடுவேனோ என்று உங்களுக்குப் பயம். அதனால், "முடியாது" என்று வாய்திறந்து சொல்லாத ஒருவரிடம் போய்க் கேட்டீர்கள். அவரை அவ்வளவு நம்பின நீங்கள் என்னைத் துளி நம்பவில்லை. அதுதான் அப்பா எரிகிறது.

பரீட்சைக்கு உட்காரத்தான் போகிறேன். அம்மா என்னிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள், அவளுக்கு அது ஒரு வியாதி. அன்றைக்கு நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம். பாஸும் வேண்டாம், பெயிலும் வேண்டாம். மேலே இருக்கிற பொத்தானையும் தொடாதீர்கள், கீழே இருப்பதையும் தொடாதீர்கள்.

நான் ஜெபிக்கிறேனா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கேட்காதீர்கள். நேற்று மெழுகு உருகட்டும் என்று காத்திருந்தபோது, "அம்மாவுக்குக் கண்ணு தெரியலையாமே" என்று சத்தமாகச் சொன்னேன். அறையில் வேறு யாரும் இல்லை. அதை என்னவென்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

~

மே 29

மகளே,

நேற்று நம்மூர் நேரக் கணக்கில் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை உனக்குப் பரீட்சை. எனக்கும்தான்.

ஒன்றும் கேட்காதே என்று சொல்லிவிட்டாய். உன்னால் மூச்சை அடக்கி நாலு மணி நேரம் இருக்க முடியுமா? ஒன்பதரைக்கு இரண்டாம் நம்பர் லிஃப்ட் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆள் இல்லை, நல்ல வேளை. பெட்டியின் தலைமேல் ஏறி உட்கார்ந்து கதவுப் பட்டையைச் சரிசெய்தேன். கை வேலை செய்கிறது. வாய் தானாகத் திறந்து, "ஆண்டவரே, என் மகளை" என்கிறது. அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொள்கிறது. இப்படி ஒரு முப்பது தடவை. யாராவது பார்த்திருந்தால் மீன் என்று நினைத்திருப்பார்கள்.

பன்னிரண்டு மணிக்கு எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஸ்பானரைக் கீழே வைத்தேன். "இதோ பாருங்க, என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சு கேட்டப்பவும் குட்டிச்சுவராத்தான் ஆச்சு. அவ உங்க பிள்ளையும்தான். நீங்களே பாத்துக்குங்க" என்றேன். சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் இருந்தது இந்தப் பதினாறு மாதத்தில் அது ஒன்றுதான். ஒரு மணிக்கு லிஃப்ட் ஓடிற்று. உன் பரீட்சை எப்படி ஓடிற்று என்று நான் கேட்கவில்லை.

வேறொன்று கேட்கிறேன். உன்னிடம் கேட்கிறேன். டைப்பிஸ்ட் அக்காவுக்கு நகல் போகாது.

அம்மாவுக்கு இன்னும் ஓரம் தெரிகிறது. நீ எதிரே நின்றால் தெரிய மாட்டாய். பக்கத்தில் உட்கார்ந்தால் உன் கன்னமும் காதும் அவளுக்குத் தெரியும். எத்தனை நாளைக்குத் தெரியும் என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். தேறினாலும் சரி, தேறாவிட்டாலும் சரி, நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். பத்து நாள் போதும். அப்புறம் உன் பல் பட்டறைக்குப் போ. போகாதே என்று சொல்ல மாட்டேன். சொல்வேன், நீ காதில் வாங்காதே.

எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும். எனக்கு எல்லாப் பக்கமும் தெரிகிறது, இருந்தும் பார்க்க வேண்டும்.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. தாங்கிக்கொள்வேன். தாங்க மாட்டேன், ஆனாலும் எழுது.

அப்பா

~

ஜூன் 12

அப்பா,

ஒருவழியாகக் கேட்டுவிட்டீர்கள்.

இந்தத் தடவை பேனாவை அப்படி அழுத்தியிருக்கிறீர்கள், தாளின் பின்பக்கம் எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். "வேண்டும்" என்கிற சொல் மட்டும் பிடிபட்டது. அதைத்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள்.

ரிசல்ட் நேற்று வந்தது. இதில் எழுத மாட்டேன். உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். போன் போட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் எந்தப் பதில் வந்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், குரலிலேயே தெரிந்துவிடும். நடிக்க வேண்டாம். "வேண்டாம், வரட்டும்" என்கிறவன் இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவனையே பேச விடுங்கள். அவனோடு சண்டை போட எனக்கு நிறைய இருக்கிறது.

டைப்பிஸ்ட் அத்தையிடம் ஒன்று சொல்ல வேண்டும். பதினேழில் அவர் நுழைத்த முன்பாதியை அவரே அடித்துவிடட்டும். நீங்கள் சீட்டில் எழுதின பின்பாதி அப்படியே இருக்கட்டும். அதற்கு எழுந்து நின்று சாட்சி சொல்ல ஒரு ஆள் வருகிறது. வாய் கொஞ்சம் நீளம், கூட்டம் முடியத் தாமதமாகும் என்று போதகரிடம் சொல்லி வையுங்கள். எந்தப் புதன் என்பதையும் போனிலேயே கேளுங்கள்.

அந்தக் காலுறைகளைப் போட்டுக்கொண்டுதான் வருவேன். ஒன்று கறுப்பு, ஒன்று நீலம் என்று அம்மாவிடம் நானே சொல்வேன். நீங்கள் குறுக்கே வராதீர்கள். நம் வீட்டில் மறைத்தது போதும்.

வாயாடி